சினார் சிவக்குமுன்

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்படும் செப்டம்பர் இறுதி நாட்களும், காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2ஆம் நாளும் ஒட்டி வருவதால் கிடைக்கும் அந்தச் சிறிய இடைவெளியே எங்களைப் போன்ற ஆலைத் தொழில் குடும்பங்களுக்கு வாய்க்கும் நெடும்பயணக் காலம். பிறையைப் பார்த்தும் ஞாயிற்றைப் பார்த்தும் நாள் கணித்த பரம்பரையில் வந்த நாங்கள், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட இப்பகுதியில் குடியேறிய பிறகு ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்து நாள் கணிக்கப் பழகிவிட்டோம். கல்யாணமாயினும் கத்தமாயினும் முதலில் கேட்கப்படும் கேள்வி, “அந்த வாரம் பகல் ஷிஃப்டா, இரவு ஷிஃப்டா?” என்பதுதான். அத்தகைய வாழ்க்கையில், சேர்த்து வைத்த விடுப்பையும் சேர்த்து வைத்த பணத்தையும் ஒருங்கே செலவிட்டு, நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிக்குச் சென்று வருவதென்று முடிவு செய்வது எளிய காரியமன்று.

நாங்கள் செல்ல விரும்புவது காஷ்மீரம். எங்கள் வீட்டில் நன்னிமாவோடு சேர்த்து ஐவர். பக்கத்து வீட்டில் நால்வர். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டுத் தலைவரோடு ஒரே பட்டறையில், ஒரே வரிசையில் வேலை செய்பவர். ஆலைப் பேருந்தில் அவ்விருவரும் அருகருகே அமர்ந்து செல்லத் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆகின்றன. இரு வீட்டாரும் ஒரே சீட்டில் மாதந்தோறும் 2,000 ரூபாய் கட்டி, அந்தத் தொகையை இந்தப் பயணத்துக்கென்றே ஒதுக்கி வைத்தோம்.

நம்மில் பலருக்குக் காஷ்மீரம் என்றால் திரைப்படத்தில் கண்ட பனிமலைதான் நினைவுக்கு வரும். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படம் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் காஷ்மீரத்தைக் கொண்டு வந்தது. ஆனால் அங்கு நிலவிய கலவரச் சூழலால் அதன் பனிக்காட்சிகள் இமாசலப் பிரதேசத்து மணாலியில் படமாக்கப்பட்டன என்பதைப் பலர் அறியார். நாம் காஷ்மீரம் என்று கண்டு மயங்கியது வேறொரு நிலம். உண்மையான நிலம் நமக்கு அறிமுகமானதெல்லாம் பெரும்பாலும் துயரச் செய்திகளின் வழியாகவே.

எங்களுக்கு அந்நிலம் அறிமுகமானது ஒரு மாணவர் வாயிலாக. காஷ்மீரத்து இளைஞர் பலர் கல்வி உதவித்தொகை பெற்றுச் சென்னையைச் சுற்றியுள்ள பொறியியற் கல்லூரிகளில் பயில்கின்றனர். 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வந்த ரமளானில், எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலுக்கு அத்தகைய மாணவர் ஒருவர் நோன்பு திறக்க வந்தார். நோன்புக் கஞ்சியை முதன்முதலாகக் கையில் வாங்கியவர், “எங்கள் ஊரிலும் இப்படி அரிசியையும் இறைச்சியையும் சேர்த்துக் குழையக் குழைய வேகவைப்பார்கள், ஹரீசா என்போம். ஆனால் அது மார்கழிக் குளிரில் விடியற்காலையில் உண்பது” என்றாராம். வீட்டிற்கு அழைத்து வந்த அன்றே நன்னிமாவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அவரும் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து “நன்னிமா” என்றே அழைக்கலானார்.

தென் காஷ்மீரத்துச் சிற்றூர் ஒன்றில் அவருடைய தந்தையாருக்குச் சிறிய ஆப்பிள் தோட்டம் உண்டு. எப்பொழுது வந்தால் ஊர் அழகாயிருக்கும் என்று எங்கள் பிள்ளைகள் கேட்டபோது அவர் தந்த மறுமொழி எங்கள் பயணத்தின் காலத்தையே தீர்மானித்துவிட்டது: “வசந்தத்தில் வந்தால் பூவைப் பார்ப்பீர்கள், ஹருதில் வந்தால் எங்கள் உழைப்பைப் பார்ப்பீர்கள்.”

ஹருத் என்பது காஷ்மீரி மொழியில் இலையுதிர் காலத்தின் பெயர். தமிழர் ஓராண்டை ஆறு பருவமாகப் பகுத்ததைப் போலவே காஷ்மீரியரும் ஆறாகப் பகுத்துள்ளனர். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடகிழக்குப் பருவமழையின் காலம். அதே மாதங்களில் அங்கு வானம் பெரும்பாலும் தெளிந்து, காற்று உலர்ந்து, மரங்கள் நிறம் மாறுகின்றன. செப்டம்பரில் வாதுமைக் கொட்டைகள் தட்டி உதிர்க்கப்படுகின்றன. ஆப்பிள் அறுவடை உச்சத்தை எட்டுகிறது. நெல் வயல்கள் பொன்னிறம் பூணுகின்றன. ஆம், காஷ்மீரியர் நம்மைப் போலவே சோறுண்ணும் மக்கள். ரொட்டியை எண்ணிக் கவலைப்பட்ட நன்னிமாவுக்கு இச்செய்தி பெரிய ஆறுதலாயிற்று.

ஆயினும் பள்ளி விடுமுறையை நம்பிச் செல்வோர் இழப்பவையும் உண்டு. பாம்பூர் வயல்களில் குங்குமப்பூ மலர்வது அக்டோபர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. சினார் மரங்கள் தழலென முற்றச் சிவப்பதும் ஏறத்தாழ அந்நாட்களில்தான். அக்டோபர் முதல் வாரத்தில் செல்பவர் காண்பது பச்சையும் மஞ்சளும் கலந்த சினாரையும், இன்னும் பூவாத குங்குமப்பூ வயலின் மண்ணையும்தான். ஆலையும் பள்ளியும் தந்த நாட்களைக் கொண்டு எதைப் பார்க்க முடியுமோ அதை நிறைவாகப் பார்ப்பதென்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டோம்.

இவ்வாறெல்லாம் 2025ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்துக்கென நாங்கள் திட்டமிட்டிருந்த வேளையில்தான் அந்த ஏப்ரல் 22 வந்தது. பஹல்காமை அடுத்த பைசரன் புல்வெளியில் 26 உயிர்கள் பறிக்கப்பட்டன. என்ன மதம் என்று கேட்டுச் சுட்டனர் என்று உயிர் பிழைத்தோர் கூறக் கேட்டு நாடே கொதித்தது. எந்த மார்க்கத்தின் பெயரை நாம் அமைதியென்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோமோ, அதன் பெயரை அக்கொடியோர் தம் துப்பாக்கிக்குப் போர்வையாக்கினர். எங்கள் வீட்டில் அன்றிரவு தொலைக்காட்சி அணைக்கப்பட்டது. யாரும் எதுவும் பேசவில்லை.

சில நாட்கள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்கள் அடுப்படிக்கு வந்து நின்றார். நெடுநேரம் தயங்கி, “அக்கா, ஒன்று கேட்டால் தவறாக நினைக்க மாட்டீர்களே? நாம் எல்லோரும் சேர்ந்து போயிருக்கும்போது அங்கே நம்மை இரண்டாகப் பிரித்து நிற்கச் சொன்னால் என்ன செய்வது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. அச்சம் மட்டுமே இருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்ற தாயின் அச்சம். அதற்கு என்ன மறுமொழி சொல்வதென்று எங்களுக்கு விளங்கவில்லை. “அப்படியெல்லாம் நடக்காது” என்று சொல்வது எளிது. நடந்து சில நாட்களே ஆகியிருந்தன. நன்னிமாதான் இறுதியில் வாய் திறந்தார்: “பிரித்து நிற்கச் சொன்னால் நான் உன் பக்கம் வந்து நிற்பேன், தாயே. எனக்கு இனி என்ன இருக்கிறது?” அதைக் கேட்டு இருவரும் அழுதனர்.

நன்னிமா சொன்னதை அங்கு ஒருவர் செய்தே காட்டியிருந்தார் என்பதைப் பின்னர் செய்திகளில் படித்தோம். பைசரனுக்குப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் சென்று பிழைத்து வந்த சையது ஆதில் ஹுசைன் ஷா என்னும் காஷ்மீரி இளைஞர், பயணிகளைக் காக்க முனைந்து தாமும் சுடப்பட்டு மாண்டார். மறுநாள் பள்ளத்தாக்கு முழுவதும் கடைகள் அடைக்கப்பட்டன. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளிலிருந்து கண்டன அழைப்புகள் எழுந்தன. நாளிதழ்கள் தம் முதற்பக்கத்தைக் கறுப்பாக்கி வெளியிட்டன. இவற்றை நாங்கள் பக்கத்து வீட்டாரோடு அமர்ந்து படித்தோம். அச்சம் அதனால் அகன்றுவிட்டதென்று சொல்ல மாட்டோம். ஆயினும் அச்சத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது.

அந்த மாணவர் இரண்டு வெள்ளிக்கிழமைகள் பள்ளிவாசலுக்கு வரவில்லை. நன்னிமா நெய்ச்சோறும் தால்ச்சாவும் சமைத்துக் கொடுத்தனுப்பினார். பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்த அவர், பயணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எப்பொழுதும் “வாருங்கள், வாருங்கள்” என்று அழைத்த வாய் அடைத்துப் போயிருந்தது. புறப்படும்போது மட்டும், “நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை. என் தாயாரிடம் ஒரு தடவை போனில் பேசுங்கள். என்னை இங்கு யாரும் வெறுக்கவில்லை என்று சொல்லுங்கள்” என்றார். நன்னிமாவுக்கு உருது ஒரு சொல்லும் தெரியாது. அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் பேசினர். ஸலாமும் துஆவும் இருவருக்கும் பொதுவாக இருந்தன. எஞ்சியதை மாணவர் மொழிபெயர்த்தார்.

தாக்குதலுக்குப் பின் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் 48 சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. அவற்றுள் பல பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஆகஸ்டு இறுதியில் பெய்த பெருமழையோ ஜம்மு வட்டாரத்தில் உயிர்களைப் பலிகொண்டு, இருப்புப்பாதையையும் நெடுஞ்சாலையையும் துண்டித்தது. ஆப்பிள் ஏற்றிய லாரிகள் நெடுஞ்சாலையில் நாட்கணக்கில் தேங்கி நின்றன. பழங்கள் பெட்டிகளிலேயே அழுகின. மாணவரின் தந்தையாரும் அவ்வாண்டு பெருநட்டம் அடைந்தார். அந்த ஹருத் எங்களின்றியே கழிந்தது. சீட்டுப் பணத்தை இரு வீட்டாரும் தொடாமல் வைத்திருந்தோம்.

இப்பொழுது மீண்டும் திட்டமிடுகிறோம். முதலில் பேசியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். “பாய், நாம் போகாமலிருந்தால் அவர்கள் நினைத்ததுதானே நடந்ததாகும்?” என்று அவர் பேருந்தில் கேட்டாராம். உறவினர் சிலர், “ஊட்டியும் கொடைக்கானலும் இல்லையா?” என்று கடிந்துகொண்டனர். அவர்கள் அன்பினால் சொல்வதை அறிவோம். ஆயினும் படகோட்டியும் குதிரைக்காரரும் சால்வை நெய்பவரும் பயணியை நம்பி வாழ்பவர்கள். ஆலை மூடினால் தொழிலாளி வீட்டில் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் வேலையின்றி ஊர் திரும்பியதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம்.

செல்லும் வழியைப் பற்றிச் சில சொற்கள், எங்களைப் போலத் திட்டமிடும் குடும்பங்களுக்குப் பயன்படலாம். சென்னை சென்ட்ரலிலிருந்து ஜம்மு வழியாகக் கட்ராவுக்குச் செல்லும் அந்தமான் எக்ஸ்பிரஸ், வாரத்தின் எல்லா நாட்களிலும் புறப்படுவதன்று. தமிழ்நாடு எக்ஸ்பிரசில் தில்லி சென்று அங்கு வண்டி மாறுவது மற்றொரு வழி. முதியவர் உடன் வருவதால் இடையில் ஓய்வெடுக்க இதையே தேர்ந்துள்ளோம். 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் தொடர்வண்டி முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறது. முன்பு 120 நாட்கள் இருந்தன. ஆகவே விடுப்பு விண்ணப்பமும் முன்பதிவும் ஒரே வாரத்தில் முடிய வேண்டும்.

கட்ராவுக்கு அப்பால்தான் விந்தை. 2025 ஜூன் 6 அன்று தொடங்கி வைக்கப்பட்ட கட்ரா–ஸ்ரீநகர் தொடர்வண்டிச் சேவை, முன்பு நெடுஞ்சாலையில் ஒரு பகலை விழுங்கிய பயணத்தை ஏறத்தாழ மூன்று மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. அவ்வழியில் செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் எஃகு வளைவுப் பாலம் நிற்கிறது. பாரிசு நகரத்து ஈபில் கோபுரத்தையும் விஞ்சிய உயரம். அதன் அளவுகளை எங்கள் மூத்த மகன் மனப்பாடமாக ஒப்புவிக்கிறான். இரும்பை வளைத்தும் துளைத்தும் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு மலையைவிடப் பாலம் பெரிதாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

எங்கள் ஊருக்கும் காஷ்மீரத்துக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. ஸ்ரீபெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு பிறந்த இராமானுசர், போதாயனரின் உரைநூல் ஒன்றைத் தேடித் தம் மாணாக்கர் கூரத்தாழ்வானுடன் காஷ்மீரம் வரை சென்றார் என்று வைணவ மரபு கூறுகிறது. நூலை எடுத்துவர இயலாத நிலையில், கூரத்தாழ்வான் தாம் படித்ததையெல்லாம் நினைவில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர் இந்த வரலாற்றைச் சொன்னபோது, ஹாபிழ்களைப் பெற்ற சமுதாயத்தவராகிய எங்களுக்கு அது மிகவும் நெருக்கமாகத் தோன்றியது. இன்றோ எங்கள் ஒரகடத்திலும் வல்லத்திலும் உருவாகும் ராயல் என்பீல்டு வண்டிகள் லடாக்கு மலைச்சாலைகளில் ஓடுகின்றன.

ஸ்ரீநகரில் காண வேண்டியவற்றை இரு வீட்டாரும் சேர்ந்தே வரிசைப்படுத்தினோம். ஜஹாங்கீர் 1619இல் தொடங்கிய ஷாலிமார் தோட்டமும், நூர்ஜஹானின் தமையனார் ஆஸப் கான் 1633இல் அமைத்த நிஷாத் தோட்டமும் முதல் நாளுக்கு. தேவதாருத் தூண்கள் முந்நூற்றுக்கு மேல் நிற்கும் ஜாமிஆ மஸ்ஜிதில் ஜும்ஆ தொழ விழைகிறோம். தால் ஏரிக்கரையில் ஹஸ்ரத்பால். அதனருகே முகலாயர் காலத்துச் சினார் தோப்பாகிய நசீம் பாக். மரத்தாலும் வண்ணக் காகிதக் கூழ்ப் பணியாலும் இழைக்கப்பட்ட ஷாஹே ஹமதான் கான்காஹ்வும் பட்டியலில் உண்டு. நம் குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழில் பாடியதைப் போலத் தம் மக்களின் காஷ்மீரியில் பாடிய ஷெய்கு நூருத்தீன் வலி அவர்கள் அடங்கியுள்ள சரார் ஷரீபையும் காண வேண்டும். அவரை நுந்த ரிஷி என்று பண்டிதர்களும் போற்றுவர்.

பக்கத்து வீட்டாருக்குச் சங்கராச்சாரியார் குன்று ஏற ஆசை. இரு வீட்டாருக்கும் பொதுவாக ஹரி பர்பத் குன்றைத் தேர்ந்துள்ளோம். அதன் ஒரு சரிவில் மக்தூம் சாகிபின் தர்கா. மற்றொரு சரிவில் சாரிகா தேவி கோயில். அடிவாரத்தில் சீக்கியரின் குருத்துவாரா. 1990இல் பண்டிதக் குடும்பங்கள் பெருந்திரளாகப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்த துயரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே அழைத்துச் செல்வோம். அழகை மட்டும் காட்டி வரலாற்றை மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையாகாது.

குல்மார்கின் உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் இரண்டாம் கட்டத்துக்குச் செல்வோர் 3,900 மீட்டருக்கும் மேலே சென்றுவிடுவர். இரத்த அழுத்தம் உள்ள நன்னிமாவுக்கு அது வேண்டாமென்று மருத்துவர் கூறியுள்ளார். அவரோடு கீழே யார் இருப்பது என்பதில் இரு வீட்டுப் பெண்களுக்கும் போட்டி. இரவில் வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கக்கூடும். செம்பரம்பாக்கத்துக் காற்றையே குளிர் என்று போர்த்திக்கொள்ளும் நமக்குக் கம்பளி ஆடை கட்டாயம்.

செம்பரம்பாக்கம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2014 செப்டம்பரில் ஜீலம் கரைபுரண்டு ஸ்ரீநகரை மூழ்கடித்தது. மறு ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையை மூழ்கடித்தது. வெள்ளநீர் தங்கும் சதுப்புகளையும் ஏரிகளையும் மனிதர் தூர்த்ததன் விளைவை இரு மக்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அனுபவித்தனர். மாணவர் தம் வீட்டுச் சுவரில் நீர் நின்ற உயரத்தைக் கையால் காட்டியபோது, எங்கள் பிள்ளைகளும் உறவினர் வீட்டுச் சுவரில் நின்ற உயரத்தைக் காட்டினர். நாட்டின் இரு கோடிகளில் வாழ்வோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அந்தச் சேற்றுக் கோடு போதுமானதாயிருந்தது.

மாணவர் பட்டம் பெற்று ஊர் திரும்பிவிட்டார். அவருடைய இல்லத்தில் ஓர் இரவு தங்க அழைப்பு வந்துள்ளது. ஒன்பது பேர் ஒரு விவசாயி வீட்டுக்குச் சுமையாகக் கூடாதென்று நாங்கள் தயங்க, அவர் தாயார் நன்னிமாவிடமே முறையிட்டுவிட்டார். பக்கத்து வீட்டார் இறைச்சி உண்ணாதவர் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். ஹாக் என்னும் கீரையும் தாமரைத் தண்டும் சமைப்பதாக மறுமொழி வந்தது. நாங்கள் எடுத்துச் செல்வதற்கென்று காஞ்சிபுரத்துப் பட்டுத் துணி ஒன்றும், முறுக்கும், நோன்புக் கஞ்சிக்குரிய அரிசிக் குறுநொய்யும் வாங்குவதாய் முடிவாகியுள்ளது.

திருமறை பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு பலவிடத்தும் ஏவுகிறது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகையையும் மார்க்கம் தந்துள்ளது. முன்பதிவு திறக்கும் நாளுக்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. ஒன்பது பெயர்களையும் வயதுகளையும் ஒரே தாளில் எழுதி, இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண்மணி நேற்று அதைப் பார்த்துவிட்டு, தொடர்வண்டியில் நன்னிமாவின் கீழ்ப் படுக்கைக்கு எதிர்ப் படுக்கை தமக்கே வேண்டும் என்று தம் கையால் குறித்துச் சென்றார். இன்ஷா அல்லாஹ், சினார் முற்றச் சிவக்குமுன் நாங்கள் அங்கிருப்போம்.